யூதரும் கிறிஸ்தவரும் மணமுடிக்கும் கோடைத் திருமணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் யூதர், இன்னொருவர் கிறிஸ்தவர். இருவருமே மதம் மாறப்போவதில்லை. கோடையில், முடிந்தால் திறந்த வெளியில், இரண்டு வீட்டுக்கும் சொந்தமான ஒரு கல்யாணம் வேண்டும். எங்கள் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள், என் கணவர் யூதர். அதற்குப் பிறகு இதே நிலையில் இருந்த சில ஜோடிகளோடு உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறோம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே ஒரு விதி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்று அங்கே நிற்கும் யாரையும், அவர் நம்பாத ஒன்றை வாயால் சொல்ல வைக்காதீர்கள். மணமக்களுக்கும் இது பொருந்தும், பாட்டி தாத்தாவுக்கும் பொருந்தும்.

முதலில் எதை முடிவு செய்வது, தேதியா இடமா?

இரண்டுமே இல்லை. நடத்திவைப்பவர் யார் என்பதுதான் முதல் முடிவு. எந்த நாளில் வருவார், எந்த இடத்துக்கு வருவார், இன்னொரு மதகுருவோடு சேர்ந்து நிற்பாரா என்பதெல்லாம் அவரைப் பொறுத்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு யூத மதகுருவான ரபியைத் தேடத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு செய்தது சபத் என்னும் யூத ஓய்வு நாளான சனிக்கிழமை மதியம். எந்த ரபியும் வரவில்லை, தேதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ரபி ஒருவர் இதை நடத்திவைப்பாரா?

அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தது. மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் ரபிகள் நடத்திவைக்க மாட்டார்கள். கன்சர்வேடிவ் பிரிவும் தன் ரபிகளை அனுமதிப்பதில்லை. தாராளப் போக்குள்ள ரிஃபார்ம் பிரிவில் அமெரிக்க ரபிகளின் அமைப்பு 1973இல் கலப்புத் திருமணங்களை நடத்திவைப்பதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஆனால் முடிவைத் தனி ரபியின் மனச்சாட்சிக்கே விட்டது. இன்று அந்தப் பிரிவில் பலர் நடத்திவைக்கிறார்கள். ரீகன்ஸ்ட்ரக்‌ஷனிஸ்ட் பிரிவிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. யூதரின் ஜெப ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல்களை முன்நின்று பாடும் காண்டர்களும் திருமணம் நடத்துவார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சம்மதிப்பவர்களும் நிபந்தனை வைக்கலாம். பாதிரியாரோடு சேர்ந்து நடத்த மாட்டேன் என்பார் ஒருவர். யூத வீடாகக் குடும்பம் நடத்துவீர்களா என்று கேட்பார் இன்னொருவர். சனிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் வர மாட்டேன் என்பார் மற்றொருவர். முதல் சந்திப்பிலேயே இதையெல்லாம் நேராகக் கேட்டுவிடுங்கள். மறுத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களை மறுத்த ரபி ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் சொன்னார். மோசேயின் சட்டப்படி என்று சொல்லித்தான் அவர் மணம் செய்துவைக்க முடியும், அந்தச் சட்டத்துக்குள் நான் இல்லை. அவரும் தான் நம்பாததைச் சொல்ல மறுத்தார், அவ்வளவுதான். அந்தப் பேச்சு எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது.

கிறிஸ்தவர் கத்தோலிக்கர் என்றால் என்ன அனுமதி வேண்டும்?

இங்கே விதிகள் தெளிவாக எழுதியே இருக்கின்றன. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1086ஆம் விதிப்படி, கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருச்சபையின் பார்வையில் அந்தத் திருமணம் செல்லாது. அதற்கு விண்ணப்பிக்கும்போது கத்தோலிக்கர் ஒரு வாக்குறுதி தர வேண்டும்: தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று. யூதரான துணை எந்த வாக்குறுதியும் தர வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு வாக்குறுதி தரப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தயவுசெய்து இதைக் கையெழுத்துப் போடும் மேசையில் வைத்து முதல்முறையாகச் சொல்லாதீர்கள்.

ரபி நடத்தும் திருமணமே போதும் என்றால், குரு முன்னிலையில் மணமுடிக்க வேண்டும் என்ற முறையிலிருந்தும் விதிவிலக்குக் கேட்கலாம். அது கிடைத்தால் தோட்டத்தில் ரபி நடத்திவைத்தாலும் திருச்சபை அதை ஏற்கும். குருவானவர் விருந்தினராக வந்து ஆசீர் கூறலாம்.

ஒன்று மட்டும் கூடாது. மணமக்களின் சம்மதத்தை இரண்டு மதகுருக்கள் தனித்தனியாகக் கேட்பதையும், வேறொரு சமயச் சடங்கில் மறுபடி சம்மதம் தருவதையும் சட்டம் தடுக்கிறது. ஆகவே சம்மதம் கேட்பவர் ஒருவராக இருக்கட்டும், மற்றவர் வாசகமும் ஆசீரும் பார்த்துக்கொள்ளட்டும். பங்குக் குருவைக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாகப் பாருங்கள். விண்ணப்பம் ஆயர் அலுவலகம் போய்த் திரும்ப வேண்டும், திருமணத் தயாரிப்பு வகுப்பும் இருக்கும்.

மற்ற சபைகளில்?

புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் போதகரின் விருப்பமும் சபையின் நடைமுறையும்தான் தீர்மானிக்கும். நேரில் பேசுங்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, ஞானஸ்நானம் பெறாதவரோடு தேவாலயத்தில் திருமணம் நடத்துவதில்லை. அந்தப் பின்னணி உள்ளவர்கள் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கோடையில் எந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்?

கோடைத் திருமணத்தில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சபத். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை யூதத் திருமணம் நடப்பதில்லை. குளிர்காலத்தில் சனிக்கிழமை ஆறு மணிக்கே தொடங்கிவிடலாம். கோடையில் அது முடியாது. லண்டனில் ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 9 மணியைத் தாண்டிவிடும், நன்றாக இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகளும் முதியவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது மூன்று வாரத் துக்க காலம். யூத நாட்காட்டியின் தம்மூஸ் மாதம் 17ஆம் நாளில் தொடங்கி ஆவ் மாதம் 9ஆம் நாளில் முடியும். எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்ததை நினைத்து நோன்பிருக்கும் நாள் ஆவ் 9. மரபைப் பின்பற்றும் குடும்பங்களில் இந்த மூன்று வாரமும் கல்யாணம் வைப்பதில்லை. ரிஃபார்ம் ரபிகளில் பலர் மற்ற நாட்களை அனுமதித்தாலும் ஆவ் 9 அன்று மட்டும் வர மாட்டார்கள். யூத நாட்காட்டி நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது, 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். அதனால் இந்தக் காலம் ஆண்டுதோறும் நகரும். 2026இல் ஜூலை 2 முதல் 23 வரை, 2027இல் ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 12 வரை. போன வருடத் தேதியை வைத்து இந்த வருடத்துக்கு முடிவெடுக்காதீர்கள்.

பஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாள் தொடங்கி வாரங்களின் பண்டிகையான ஷவுவோத் வரை 49 நாள் எண்ணும் காலம் ஒன்றும் உண்டு. அதில் 33ஆம் நாள் வரையாவது கல்யாணம் வேண்டாம் என்பது பரவலான வழக்கம். ஷவுவோத் அன்றும் கூடாது. 2027இல் அந்தப் பண்டிகை ஜூன் 11இல்தான் வருகிறது, ஆகவே ஜூன் தொடக்கத்தில் வைக்க நினைப்பவர்கள் ரபியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவத் தரப்பில் மேற்கத்திய சபைகளுக்குக் கோடையில் பெரிய தடை எதுவும் இல்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் உறவினர்கள் இருந்தால், கன்னி மரியாளின் துயில் பெருவிழாவுக்கு முன் ஆகஸ்ட் 1 முதல் 14 வரை நோன்பு இருப்பார்கள். பழைய நாட்காட்டியைப் பின்பற்றுபவர்களுக்கு அது 13 நாள் தள்ளி வரும். உலகின் தென்பாதியில் இருப்பவர்களுக்கோ கோடை என்றால் டிசம்பர். அவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தைப் பற்றிப் போதகரிடம் பேச வேண்டும். யூதரின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவில் கல்யாணம் வைக்கத் தடையில்லை.

அப்படியானால் நல்ல நாள் எது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தேவாலய ஆராதனை முடிந்திருக்கும், சபத் கழிந்திருக்கும், தூரத்திலிருந்து வருபவர்கள் சனிக்கிழமை இரவு வந்து சேரலாம். வார நாளில் வைக்க முடிந்தால் செவ்வாய்க்கு ஒரு அழகு உண்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாளுக்கு மட்டும் 'நல்லது என்று கண்டார்' என்று இரண்டு முறை வருகிறது. அதனால் யூதர்கள் அந்த நாளைக் கல்யாணத்துக்கு உகந்ததாகக் கருதுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆவ் 15. துக்க நாள் கழிந்து ஆறாவது நாள். பழைய காலத்தில் அன்று எருசலேமின் பெண்கள் வெள்ளை உடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் நடனமாடினார்கள் என்கிறது பழைய யூதச் சட்ட நூலான மிஷ்னா. அத்தனை பேரும் இரவல் உடைதான் உடுத்த வேண்டும், சொந்தமாக இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பதற்காக. எவ்வளவு கனிவான ஏற்பாடு! 2026இல் இது ஜூலை 28 மாலை தொடங்கி 29 வரை.

தேவாலயமா, ஜெப ஆலயமா, தோட்டமா?

எங்கள் அனுபவத்தில் தோட்டம். சிலுவையின் கீழ் நிற்பது யூதக் குடும்பத்தின் மூத்தவர்கள் சிலருக்கு மனத்தை அழுத்தும். துன்புறுத்தப்பட்ட நீண்ட வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. அதைப் 'பிடிவாதம்' என்று ஒதுக்காதீர்கள். அதே போலத் தேவாலயத்தில் மணமுடிப்பதைச் சிறு வயதிலிருந்து கனவு கண்டவருக்கு அதை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமல்ல. அவர் பெற்றோரோடு முந்தின ஞாயிறு ஆராதனைக்குப் போய் அங்கே ஜெபம் பெற்றுக்கொள்ளலாம். யூதத் தரப்பிலும் கல்யாணத்துக்கு முந்தைய சபத்தில் மணமகனை ஜெப ஆலயத்தில் வேதச் சுருளான தோராவுக்கு அருகே அழைத்து வாழ்த்தும் அவுஃப்ரூஃப் என்ற வழக்கம் இருக்கிறது. மணமக்கள் இருவரையும் அழைக்கும் ஆலயங்களும் உண்டு. இப்படி இரண்டு வீட்டு வழிபாட்டுக்கும் தனித்தனி இடம் கிடைத்துவிட்டால், கல்யாண மேடையில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய அவசியம் குறைந்துவிடும்.

யூதச் சடங்கிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் ஹுப்பா. நான்கு கால் பந்தல், மேலே ஒரு துணி, நான்கு பக்கமும் திறப்பு. மணமக்கள் கட்டப்போகும் வீட்டின் அடையாளம் அது. நாலா திசையிலிருந்தும் விருந்தினரை வரவேற்ற ஆபிரகாமின் கூடாரத்தை நினைவூட்டுகிறது என்றும் சொல்வார்கள். ஆபிரகாம் இரண்டு வீட்டுக்கும் பொதுவானவர். மேல் துணியாக யூதத் தாத்தாவின் ஜெபச் சால்வையை வைக்கலாம். கிறிஸ்தவப் பாட்டி பின்னிய துணியை வைத்தவர்களும் இருக்கிறார்கள். கால்களைப் பிடிக்க நான்கு பேர், வீட்டுக்கு இருவர் என்று நிறுத்தினால், ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் புரிந்துவிடும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் ஹுப்பாவை வெட்டவெளியில், வானத்தின் கீழ் வைப்பதே பழைய வழக்கம். சந்ததி நட்சத்திரங்களைப் போலப் பெருகும் என்ற வாக்குத்தத்தத்தின் நினைவு. கோடைக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

அப்புறம் வலம் வருவது. மரபில் மணமகள் மணமகனை ஏழு முறை சுற்றிவருவாள். இப்போது பலர் அவள் மூன்று, அவன் மூன்று, கடைசி ஒன்று கைகோத்துச் சேர்ந்து என்று செய்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

ஏழு ஆசீர்வாதங்களைக் கட்டாயம் வையுங்கள். முதலாவது திராட்சரசத்துக்கு. தொடர்ந்து வருபவை படைப்பு, கடவுளின் சாயலில் உண்டான மனிதர், ஏதேன் தோட்டம், மணமக்களின் மகிழ்ச்சி என்று போகும். கிறிஸ்தவர் ஒருவர் மனசாரச் சொல்ல முடியாதது அதில் எதுவும் இல்லை. ரபி எபிரேயத்தில் பாட, ஒவ்வொன்றின் பொருளையும் ஒவ்வொரு உறவினர் எழுந்து வாசித்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தைகள் வெறும் பார்வையாளர்களாக இருக்க மாட்டார்கள்.

கெத்துபாவில் என்ன எழுதுவது?

கெத்துபா என்பது திருமண ஒப்பந்தம். மரபு வாசகம் அரமேய மொழியில் இருக்கும். கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவற்றை, மணமுறிவிலும் அவன் இறந்தாலும் அவளுக்குச் சேர வேண்டியதை அது உறுதி செய்கிறது. பெண்ணுக்கு எழுத்தில் பாதுகாப்பு தந்த பழைய ஆவணம் என்ற வகையில் எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. ஆனால் அது யூதச் சட்டத்துக்குள் நிற்கும் இருவருக்காக எழுதப்பட்டது. உங்களுக்கு வேறு வாசகம் வேண்டும். ரபியிடம் மாதிரிகள் இருக்கும், அல்லது நீங்களே எழுதலாம்: எப்படிப் பேசிக்கொள்வோம், எந்தப் பண்டிகைகளை எப்படிக் கொண்டாடுவோம், இரு பெற்றோரையும் எப்படிப் பார்த்துக்கொள்வோம். ஒரு பக்கம் எபிரேயம், மறுபக்கம் உங்கள் வீட்டு மொழி. எபிரேயத்தை அந்த மொழி தெரிந்த இருவராவது படித்துப் பார்க்கட்டும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகு பெயரில் பிழை கண்டுபிடித்தால் மனசு தாங்காது.

மோதிரமும் வாக்குறுதியும்: இரண்டு மரபும் எப்படிச் சேரும்?

நினைப்பதைவிட எளிதாகச் சேரும். யூத மரபில் கிறிஸ்தவ முறையிலான வாக்குறுதி கிடையாது. மோதிரம் கொடுத்து ஒரு வாக்கியம் சொல்வதுதான் மையம். கிறிஸ்தவத் திருமணத்தின் மையமோ 'வாழ்விலும் தாழ்விலும்' என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லும் உடன்பாடு. ஆகவே முதலில் வாக்குறுதி, அடுத்து மோதிரம் என்று வைத்தால் ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடுங்காது.

யூத மோதிரம் கல் பதிக்காத வெறும் வளையமாக இருக்கும், மதிப்பில் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. சாட்சிகளுக்குத் தெரியும்படி வலது கையின் ஆள்காட்டி விரலில் போடுவார்கள். பிறகு வழக்கமான விரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். 'மோசே, இஸ்ரவேல் இவர்களின் சட்டப்படி' என்று முடியும் பழைய வாக்கியத்தைக் கலப்புத் திருமணங்களில் பல ரபிகள் மாற்றுவார்கள். அதற்குப் பதிலாக உன்னதப்பாட்டு 6:3ஐ இருவரும் சொல்லலாம்: 'நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர்.' எபிரேயத்தில் நான்கே சொற்கள்: அனி லெதோதி வெதோதி லி. என் அம்மாகூட மனப்பாடம் செய்துவிட்டார்.

எந்த வேதப்பகுதிகளை வாசிக்கலாம்?

பொதுச்சொத்து நிறைய இருக்கிறது. சங்கீதம் 128, அதாவது கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல் 128, மனைவியைக் கனிதரும் திராட்சைக் கொடிக்கும் பிள்ளைகளை ஒலிவக் கன்றுகளுக்கும் ஒப்பிடுகிறது. உன்னதப்பாட்டு 8ஆம் அதிகாரத்தில் திரளான தண்ணீரும் நேசத்தை அணைக்காது என்ற பகுதி. பிரசங்கி 4இல் முப்புரிக் கயிறு. புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்று வேண்டும் என்றால் 1 கொரிந்தியர் 13. அந்த அதிகாரம் முழுவதிலும் கிறிஸ்துவின் பெயர் வருவதில்லை, பேசுவதெல்லாம் அன்பைப் பற்றித்தான். யூத உறவினர்களும் மனம் ஒன்றிக் கேட்பார்கள். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தையும் சிலர் வாசிக்கிறார்கள். அது ஒரு யூதக் கல்யாணம், யூதச் சுத்திகரிப்புக்கான ஆறு கற்சாடிகள் அதிலேயே நிற்கின்றன. ஆனால் யோவான் நற்செய்தி அதை இயேசுவின் முதல் அடையாளமாகச் சொல்வதால், முன்கூட்டியே யூதக் குடும்பத்தாரைக் கேட்டுவிடுங்கள்.

ரூத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம். உம்முடைய தேவன் என்னுடைய தேவன்' என்பது எல்லோரும் விரும்பும் வரி. அதை ரூத் சொன்னது கணவனிடம் அல்ல, மாமியாரிடம். அதோடு அது மோவாபியப் பெண் ஒருத்தி இஸ்ரவேலின் கடவுளை ஏற்கும் வாக்கியம். இருவரும் அவரவர் சமயத்திலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், அதைச் சொல்வது உண்மையாக இருக்காது. எனக்கு அந்த வரி உயிர். இருந்தும் எங்கள் கல்யாணத்தில் வாசிக்கவில்லை.

இயேசுவின் பெயரில் ஜெபிக்கலாமா?

போதகர் தன் சார்பில், தன் ஆசீராக அப்படிச் சொல்லலாம், குடும்பத்தார் இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால். கூட்டம் முழுவதையும் சேர்த்துச் சொல்ல வைப்பதுதான் தவறு. திரித்துவத்தின் பெயரில் 'நாம்' என்று தொடங்கும்போது பாதிப் பேரை அவர்களைக் கேட்காமலே உள்ளே இழுக்கிறோம். சொல்லாமல் விட்டால் கிறிஸ்தவக் குடும்பம் ஏதோ மறைத்ததுபோல் உணருமே என்று கேட்கிறார்கள். அது நியாயமான வருத்தம். அதனால்தான் 'நான்' என்று சொல்லும் ஆசீர் நல்ல வழி. ஒவ்வொருவரும் தன் குரலிலேயே முழுதாகப் பேசலாம், எதையும் மழுக்க வேண்டாம்.

எல்லோரும் சேர்ந்து பெறக்கூடியது ஆசாரியரின் ஆசீர்வாதம், எண்ணாகமம் 6:24–26. 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று தொடங்கும் அதே மூன்று வரிகள். ஜெப ஆலயத்திலும் ஒலிக்கின்றன, தேவாலயத்தில் ஆராதனை முடிவிலும் ஒலிக்கின்றன. 1979இல் எருசலேமில் கேத்தெஃப் ஹின்னோம் என்ற இடத்தில் கிடைத்த சின்ன வெள்ளிச் சுருள்களில் இந்தச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 2,600 ஆண்டு பழமை. ரபி ஒரு வரியை எபிரேயத்தில் சொல்ல, போதகர் அதையே நம் மொழியில் சொல்ல, மூன்று வரியும் மாறி மாறி வரட்டும். எங்கள் கல்யாணத்தில் இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் அழுதது அப்போதுதான்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணையை வைக்கலாமா?

வேண்டாம். கூட்டத்தில் பாதிப் பேர் பங்கெடுக்க முடியாத ஒன்று அது, மணமக்களில் ஒருவர் உட்பட. கத்தோலிக்கத் திருமண முறையிலேயே கிறிஸ்தவரல்லாதவரை மணக்கும்போது திருப்பலி இல்லாத தனிச் சடங்கு இருக்கிறது.

ஒற்றுமை மெழுகுவர்த்தி?

ஏற்றலாம். ஆனால் மணமக்கள் தங்கள் இரு சுடரால் ஒரே மெழுகுவர்த்தியை ஏற்றும் இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பரவியது, பழைய தேவாலயச் சடங்கு அல்ல. இல்லாவிட்டாலும் குறையில்லை. கோடை வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியாது, காற்றில் அணைந்து பதற்றத்தை உண்டாக்கும். சனிக்கிழமை இரவில் நடக்கும் கல்யாணம் என்றால், சபத்தை வழியனுப்பும் ஹவ்தாலா சடங்கின் பின்னல் மெழுகுவர்த்தி இருக்கிறது. பல திரிகள் சேர்ந்து ஒரே சுடர். அதில் தொடங்கினால் மிக அழகு.

கண்ணாடியை உடைப்பது ஏன்?

கி.பி. 70இல் அழிந்த எருசலேம் ஆலயத்தின் நினைவாக, மகிழ்ச்சியின் உச்சியிலும் ஒரு துளி துக்கம். யூத மரபு நூலான தல்மூதில் ஒரு கதை: தன் மகனின் கல்யாணத்தில் ரபிகள் அளவுமீறிக் களிப்பதைப் பார்த்த ஒருவர், விலையுயர்ந்த கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து அவர்கள் முன் உடைத்தாராம். சிலர் வேறு பொருளும் சொல்வார்கள், உடைந்தது திரும்ப ஒட்டாது என்பதுபோல. எதைச் சொன்னாலும் முதலில் ஆலயத்தின் கதையைச் சொல்லுங்கள், அது ஒரு மக்களின் நினைவு. இருவரும் ஆளுக்கொரு கண்ணாடியை உடைப்பதும் உண்டு.

தோட்டத்தில் ஒரு சிக்கல்: புல்தரையில் கண்ணாடி உடையாது, மண்ணுக்குள் அமுங்கும். அடியில் பலகை வையுங்கள். மெல்லிய கண்ணாடியைக் கெட்டித் துணியில் நன்றாகச் சுற்றுங்கள். மிதிப்பவர் காலில் கனத்த அடிப்பாகம் உள்ள காலணி இருக்கட்டும்.

மணமகளை அழைத்து வருவது யார்?

கிறிஸ்தவ வழக்கில் அப்பா மகளை அழைத்து வருவார். யூத வழக்கில் மணமகனையும் மணமகளையும் அவரவர் பெற்றோர் இருவரும் இரு பக்கமும் நின்று ஹுப்பா வரை கொண்டுவருவார்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். யாரும் எதையும் இழப்பதில்லை, மணமகனின் அம்மாவுக்கும் ஒரு இடம் கிடைக்கிறது.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

ஹுப்பாவின் நிழல் மணமக்களுக்கும் மதகுருக்களுக்கும் மட்டும்தான். விருந்தினர்கள் வெயிலில் இருப்பார்கள். ஆகவே மாலை நேரம் பாருங்கள், நாற்காலிகளைச் சூரியனுக்கு முதுகு காட்டிப் போடுங்கள், சடங்கை 40 நிமிடத்துக்குள் முடியுங்கள். உட்காரும் முன்பே கையில் தண்ணீர் கொடுங்கள். ஹுப்பாக் கால்களை வெறும் கையால் பிடிப்பவர்களுக்குப் பதினைந்து நிமிடத்தில் தோள் வலிக்கும். கால்களைக் கனமான அடித்தாங்கிகளில் நிறுத்திவிட்டு அவர்கள் பக்கத்தில் கை வைத்து நிற்பது நல்லது, காற்றுக்கும் பாதுகாப்பு. கெத்துபாவில் கட்டடத்துக்குள்ளே, மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள், வியர்வைக் கை பட்டால் மை கலங்கும். திராட்சரசம் வெள்ளையாக இருக்கட்டும், சிந்தினாலும் உடையில் கறை தெரியாது. மழைக்கு மாற்று இடத்தையும் பார்த்து வையுங்கள், அதன் கூரை ஹுப்பாவின் உயரத்துக்குப் போதுமா என்று அளந்து.

விருந்தில் என்ன கவனிக்க வேண்டும்?

கஷ்ரூத் என்னும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு கண்டிப்பாக என்று அழைப்பிதழோடு கேளுங்கள். பன்றி இறைச்சியும் இறால், நண்டு வகைகளும் வேண்டாம். இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் பரிமாற வேண்டாம். மரக்கறியும், துடுப்பும் செதிலும் உள்ள மீனும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கண்டிப்பானவர்களுக்கு அதுவும் போதாது, சமையலறையே கோஷராக, அதாவது அந்த விதிகளின்படி இருக்க வேண்டும். அவர்களுக்கு முத்திரையிட்ட கோஷர் உணவை வரவழையுங்கள்.

ஹோரா என்னும் வட்ட நடனத்தில் மணமக்களை நாற்காலியில் தூக்குவார்கள். கைப்பிடி உள்ள நாற்காலியாக, பலமானதாகத் தேர்ந்தெடுங்கள்.

விருந்தினர்களுக்கு எதை விளக்க வேண்டும்?

நான்கு பக்கத்தில் ஒரு சிறு கையேடு போதும். ஒவ்வொரு சடங்குக்கும் இரண்டு மூன்று வரி, எப்போது எழுந்து நிற்பது, கண்ணாடி உடைந்ததும் 'மாசல் தோவ்' (வாழ்த்துகள்) என்று கூவலாம் என்பது. ஆண்களுக்கான கிப்பா தொப்பிகளை நுழைவாயிலில் கூடையில் வையுங்கள். கிறிஸ்தவ விருந்தினர் அணிவது மரியாதைக்காக, அது மதச் சம்மதம் அல்ல என்றும் எழுதிவிடுங்கள். யாரையும் முழங்காலிடச் சொல்ல வேண்டாம்.

இந்தச் சடங்கே சட்டப்படி போதுமா?

நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் மதகுருவே பதிவு செய்யலாம், சில இடங்களில் பதிவாளரிடம் தனியாகப் போக வேண்டும். இஸ்ரேலில் உள்நாட்டில் சிவில் திருமணமே இல்லை, வெளிநாட்டில் மணமுடித்து வந்தால் பதிவு செய்துகொள்வார்கள். அதனால் அங்குள்ள கலப்பு ஜோடிகள் பலர் சைப்ரஸுக்குப் போகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி இப்போதே பேச வேண்டுமா?

ஆமாம். மதகுருக்கள் கேட்பார்கள், பெற்றோரும் கேட்காமல் கேட்பார்கள். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகளில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983 முதல், தாய் தந்தையரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதராகவே வளர்ந்தால் ஏற்கிறது. கத்தோலிக்க வாக்குறுதியைப் பற்றி மேலே சொன்னேன். ஒருவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டு, இன்னொருவர் ரபியிடம் யூத வீடு என்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டில் ஒன்று பொய். இருவரும் தனியாக உட்கார்ந்து பேசி, ஒரே பதிலோடு இருவரிடமும் போங்கள். முழு முடிவு வரவில்லை என்றால், வரவில்லை என்றே சொல்லுங்கள்.

பெற்றோர் வர மறுத்தால்?

அழைப்பைத் திரும்பப் பெறாதீர்கள். சடங்குக்கு வர முடியாத ஒருவர் விருந்துக்கு வரலாம், முந்தின நாள் வீட்டில் வந்து ஆசீர்வதிக்கலாம். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஹுப்பாவுக்கு அருகில் வர மாட்டேன் என்றார். கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொடுத்தோம். கையேட்டையும் கொடுத்தோம். ஆசாரிய ஆசீர்வாதம் வந்தபோது எழுந்து நின்றார்.

சடங்கு முடிந்ததும் நேராகப் புகைப்படத்துக்கா?

இல்லை. யூத மரபில் யிஹூத் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடி உடைந்த கையோடு மணமக்கள் இருவரும் ஒரு அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாக இருப்பார்கள், வாசலில் இருவர் காவல். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நிழலான அறை ஒன்றை முன்பே பேசிவையுங்கள், குளிர்ந்த தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் அங்கே இருக்கட்டும். புகைப்படக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவைத் தட்டுவார். நாங்கள் உள்ளே போனதும் என் கணவர் என் வலது கை ஆள்காட்டி விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, இடது கையில் போட்டுவிட்டார். அதுவரை இருவருக்குமே அது மறந்துபோயிருந்தது.